சிரட்டையில் நாற்பத்தொரு உண்ணி

மருதாத்தாள் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஆளைப் பார்க்க மாட்டாள், மாட்டைப் பார்ப்பாள். வாலைத் தூக்கிப் பார்ப்பாள். காதை மடித்துப் பார்ப்பாள். மடிக்கும் தொடைக்கும் நடுவில் விரலை விட்டுத் தடவுவாள். ஒரே ஒரு உண்ணி கையில் தட்டுப்பட்டால் போதும், அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்துவிடுவாள். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் வாத்தியார்கள் எப்படி நடுங்குவார்களோ, மருதாத்தாள் வருகிறாள் என்றால் கோபாலபுரம் செக்போஸ்டுக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் மாடு வைத்திருந்தவர்கள் அப்படி நடுங்கினார்கள். மாடுகளும் கொஞ்சம் நடுங்கின என்றுதான் சொல்ல வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவள் மகனுக்குப் பெண் பார்த்தார்கள். வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. அவள் புருஷன் காளிச்சாமியின் தங்கை நாச்சம்மாளுக்கு ஒரு மகள் இருந்தாள், முறைப்பெண். வெற்றிலை பாக்கோடு போன மருதாத்தாள், வழக்கம்போல் நேராக மாடு கட்டுகிற கட்டுத்தாரைக்குள் நுழைந்தாள். வெளியே வந்தபோது உள்ளங்கையில் மூன்று உண்ணி.

"உண்ணி புடுங்கத் தெரியாத ஊட்டுல வளர்ந்த புள்ளை, நாளைக்கு என்ற பேரன் தலையில பேன் பாப்பாளா?"

இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மருதாத்தாளுக்கு மெதுவாகச் சொல்லவே வராது. அன்றோடு நாச்சம்மாள் பேச்சை நிறுத்தினாள். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு கிளுவை வேலி. எட்டு வருடமாக அந்த வேலியைத் தாண்டி ஒரு வார்த்தைகூடப் போகவில்லை. கோழிகள் மட்டும் போய் வந்தன.

போன வருடம் மாட்டுப் பொங்கல் அன்று இன்னொன்று நடந்தது. ஊர் மாடுகளெல்லாம் குளித்து, கொம்புக்குக் காவி பூசி, கோயில் முன்னால் வரிசையாக நின்றன. மருதாத்தாளின் வெள்ளைப் பசுவும் நின்றது. அதன் வாலடியில் கொழுகொழுவென்று இருபது உண்ணி! மருதாத்தாள் போட்ட கூச்சலில் பூசாரி கையிலிருந்த தட்டு சரிந்தது. பாய்ந்து பிடுங்கிப் பார்த்தால், உண்ணி இல்லை, கொட்டமுத்து. ஆமணக்கு விதையை வெல்லப்பாகில் தோய்த்து யாரோ வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். ரத்தம் குடித்து உப்பிய உண்ணிக்கும் கொட்டமுத்துக்கும் பத்தடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. ஊர் மூன்று நாள் சிரித்தது. ஒட்டியவன் இன்னும் அகப்படவில்லை. அகப்படுகிற மாதிரி வேலை செய்கிறவனும் அல்ல.

அன்று கோயில் முன்னால் இடுப்பில் கை வைத்து மருதாத்தாள் சொன்னாள்: "என்ற கட்டுத்தாரையில நெசமான உண்ணி ஒண்ணைக் காட்டுங்கடா பாக்கலாம். காட்டிட்டா எம்பேரை மாத்திக்கறேன்!"

அந்தச் சொல்தான் பின்னால் அவள் கழுத்தை இறுக்கியது.

1974ஆம் வருடம் மாசி மாதம் அவள் ஒரு புது மாடு வாங்கினாள். சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் சுருளிவேல் என்பவன் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்த்த சீமைக்கலப்பு. காளிச்சாமி வேண்டாம் என்றார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே ஏழெட்டு வார்த்தைதான், அதில் ஒன்றை இதற்குச் செலவழித்தார். மருதாத்தாள் கேட்கவில்லை. லாரியிலிருந்து மாட்டை இறக்கிவிட்ட சுருளிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆத்தா, இது பனியிலயே வளந்த புள்ள. கீழ்நாட்டுச் சூடு, பூச்சி எதுவும் அறியாது. பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மருதாத்தாள் அதற்கு மலைக்காரி என்று பேர் வைத்தாள். ஊரில் யாரிடமும் குழையாத அந்தக் குரல், மலைக்காரியிடம் மட்டும் "என்ற சாமி, என்ற கண்ணு" என்று குழைந்தது. யாராவது எட்டிப் பார்த்தால் உடனே, "ஏ எருமை, தள்ளி நில்லு!" என்று மாறிவிடும்.

வைகாசிக் கடைசியில் மலைக்காரி ஒரு கிடாரிக் கன்று போட்டது. மூன்று வாரம் நன்றாகத்தான் போயிற்று. ஆனி மழை இரண்டு தூற்றல் போட்டு நின்ற ஒரு நாள், வெடியால பால் பீச்ச உட்கார்ந்தவளுடைய விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மடிக்குப் பின்னால் ஒன்று. வாலடியில் ஒரு கொத்து. கழுத்துத் தொங்குசதையில், காதில்.

கொட்டமுத்து இல்லை.

அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நாற்பத்தொன்று. உண்ணியை நசுக்குவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. அதற்குள் இருப்பது மாட்டின் ரத்தம், கையில் பட்டால் பால் வற்றிவிடும் என்பார்கள். வரட்டி நெருப்பில்தான் போடுவார்கள். ஆனால் கொழுத்த உண்ணி நெருப்பில் விழுந்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும். நாற்பத்தொரு வெடி வெடித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நாச்சம்மாள் எழுந்து உட்கார்ந்து எண்ணிவிடுவாள். ஆகவே எல்லாவற்றையும் ஒரு சிரட்டையில் போட்டு, இன்னொரு சிரட்டையால் மூடி, வாழைநாரால் கட்டி, அடுக்குப்பானையின் மேல்பானையில் ஒளித்து வைத்தாள். பிறகு மாட்டின் காது முதல் வால் வரை வேப்பெண்ணெய் தேய்த்தாள். காளிச்சாமி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அன்றைய வார்த்தைகளை மிச்சம் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, மலைக்காரி தீனி எடுக்கவில்லை. மூத்திரம் பால் விடாத கட்டங்காப்பி நிறத்தில் போயிற்று.

அன்று மிருகாசுபத்திரிக்கு டாக்டர் வருகிற நாள். ஒரு மைல் நடை. சீக்கு மாட்டைக்கூட அழுக்காகக் கூட்டிப் போகலாமா? மருதாத்தாள் கிணற்றுத் தண்ணீர் பன்னிரண்டு குடம் ஊற்றிக் குளிப்பாட்டி, காதில் மறுபடியும் ஒரு கை எண்ணெய் பூசி, கல்யாணப் பெண்ணைப் போல மலைக்காரியை ஓட்டிக்கொண்டு போனாள்.

ஆசுபத்திரி என்றால் ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு மருந்து அலமாரி, முற்றத்தில் ஒரு வாகை மரம். கரண்டு கிடையாது. டாக்டர் கபிரியேல் வாரத்தில் இரண்டு நாள் டவுனிலிருந்து வந்து ஐந்து மணி பஸ்ஸில் திரும்புவார். பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த இளவட்டம். கம்பவுண்டர் குப்பண்ணன் உள்ளூர்க்காரன். மாட்டாசுபத்திரியில் வேலை, மாட்டைக் கண்டால் பயம். மாட்டுக்கும் அவனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு தூண் இருக்கும்படி பார்த்துக்கொள்வான். ஆனால் கண்ணாடித் துண்டில் ரத்தம் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைப்பதில் கெட்டிக்காரன். கண்ணாடியில் இருக்கிற மாடு உதைக்காதல்லவா?

பெஞ்சில் ஒரு வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். மருதாத்தாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதைத் திருப்பவில்லை.

டாக்டரின் ஒரே தெர்மாமீட்டரைப் போன வாரம் ஒரு எருமை உதைத்து உடைத்திருந்தது. அவர் காதைத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டு குடம் கிணற்றுத் தண்ணீர் குடித்த காது, சில்லென்று இருந்தது. தோலைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழுவழு.

"காய்ச்சல் இல்ல போல இருக்கே. மாட்டுல உண்ணி கிண்ணி ஏதும் இருந்துச்சாம்மா?"

நாச்சம்மாளின் ஆடுகூடக் கத்துவதை நிறுத்தியது.

"என்ற மாட்டுலயா?" என்றாள் மருதாத்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்டாள், அவ்வளவுதான். டாக்டரும் அவள் கட்டுத்தாரையின் பேரை ஊரில் கேட்டிருந்தார் போலும், தலையாட்டிக்கொண்டார்.

குப்பண்ணன் கையை முழ நீளத்துக்கு நீட்டி, மாட்டின் காது நுனியில் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஓடினான். அந்தச் சொட்டு கண்ணாடியில் பரவவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் முத்து முத்தாக உருண்டது. சாயம் போட்டுப் பார்த்தால் ஒரே ஓட்டையும் திட்டுமாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை.

டாக்டர் யோசித்தார். "உண்ணி இல்ல, காய்ச்சல் இல்ல, கன்னு போட்டு மூணு வாரம். பால் கறக்கிற மாட்டுக்கு உடம்புல பாஸ்பரஸ்ங்கிற சத்து கொறஞ்சாலும் இப்படி ரத்தமாப் போகும்மா. அதுக்கு ஊசி போடுறேன். மரத்தடியில கட்டுங்க. தெளிவு வந்தா சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம்."

தெளிவு வரவில்லை. உச்சிப்பொழுதுக்கு மலைக்காரி முன்னங்காலை மடித்துப் படுத்துவிட்டது. மூச்சு வேகவேகமாக வாங்கியது. மருதாத்தாள் அதன் கண் இமையை மெல்ல விலக்கினாள். சிவந்திருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல் வெளுத்திருந்தது. மறுபடி மூத்திரம் போயிற்று. காலையில் கட்டங்காப்பி, இப்போது அதன் மண்டி.

டாக்டர் ஒரு கேள்விதான் கேட்டார். அதற்குப் பதில் அடுக்குப்பானையில் இருக்கிறது. சொன்னால் மாடு பிழைக்கலாம். ஆனால் அதோ, எட்டு வருடமாகக் காத்திருக்கிற ஒருத்தி பெஞ்சில் இருக்கிறாள். ஆட்டுக்கு மருந்து வாங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை. எதற்குப் போவாள்?

கூடவே வந்து பக்கத்தில் குத்தவைத்திருந்த காளிச்சாமி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சொல்லீரு."

"என்னத்தைச் சொல்றது?"

"நாப்பத்தொண்ணு."

மருதாத்தாள் அவரை எரிப்பது போலப் பார்த்தாள். அப்போது மலைக்காரி கழுத்தைத் திருப்பி, நாக்கை நீட்டி, அவள் புறங்கையை ஒரு தடவை நக்கியது. அந்த நாக்கில் சூடு இருந்தது. காதில் இல்லாத சூடு, நாக்கில் கொதித்தது.

அவள் எழுந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகினாள். நாற்பத்தெட்டு வயதில், ஊர் பார்க்க, ஒரு மைலை ஓட்டமாக ஓடினாள். கட்டுத்தாரையில் கன்று கத்தியதைக்கூட நின்று பார்க்கவில்லை. மேல்பானைக்குள் கை விட்டாள். திரும்பி ஓடி வந்தபோது ஆசுபத்திரிக் கடிகாரத்தில் மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. மேற்கே கணவாய்ப் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

மேசை மேல் சிரட்டையை வைத்து நாரை அறுத்தாள். குப்பண்ணன் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, மறுக்காவும் கொட்டமுத்துங்களா?"

கூடியிருந்த நாலைந்து பேர் குபீரென்று சிரித்தார்கள். மருதாத்தாள் பதிலுக்கு வையாமல் நின்றதை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அப்போது ஒரு கொட்டமுத்து சிரட்டையின் விளிம்பில் ஏறி, எட்டுக் காலையும் நீட்டிக்கொண்டு, மேசை மேல் இறங்கி நடந்தது.

சிரிப்பு நின்றது.

"எப்பப் பிடுங்குனீக?" என்றார் டாக்டர்.

"முந்தாநாள் வெடியாலைங்க."

"காலையில கேட்டேன்ல?"

"கேட்டீங்க. நாந்தானுங்க சொல்லலை." சிரட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். "வேணும்ங்கற அளவுக்கு வையுங்க சாமி. அதுக்கு முந்தி அதைப் பொழைக்க வைங்க."

டாக்டர் வையவில்லை. வைய நேரமில்லை. "மலையில பொறந்த மாடு. இந்த உண்ணி அதுக்குப் புதுசு. இதுக குஞ்சா, எள்ளு நுனி மாதிரி ஏறும்போதே ரத்தத்துல கிருமியை விட்டுருக்கும். ஆனா உண்ணி இருந்துச்சுங்கிறதை மட்டும் வச்சு மருந்து போட முடியாதும்மா. அலமாரியில அந்த மஞ்ச மருந்து ஒரே குப்பிதான் இருக்கு. ஈரல் ஓஞ்சு கெடக்கிற மாடு. தப்பாப் போட்டா நானே கொன்ன மாதிரி. ரத்தத்துல கிருமியைக் கண்ணால பாக்கணும். குப்பண்ணா, இன்னொரு சொட்டு!"

குப்பண்ணன் மாட்டைப் பார்த்தான். மாடு வலியில் தலையை உதறியது. அவன் தூணைப் பார்த்தான்.

"எண்ணெய்க் காதுல எத்தனை சொட்டு எடுத்தாலும் இப்படித்தானுங்க உருளும்" என்றான்.

பெஞ்சு கிறீச்சென்றது. நாச்சம்மாள் எழுந்து ஆசுபத்திரிக்கு எதிர்வீட்டுக்குப் போனாள். எண்ணெய் போக்குகிற அரப்புத்தூள் ஒரு கையோடு திரும்பி வந்தாள். யாரையும் பார்க்காமல், தூளை மருதாத்தாளின் கையில் கொட்டிவிட்டு, மலைக்காரியின் தலைமாட்டில் மண்டி போட்டு, ஒரு கையால் கொம்பையும் மறு கையால் மூக்கையும் இறுக்கிப் பிடித்தாள். மருதாத்தாள் காது நுனியை அரப்புப் போட்டுத் தேய்த்தாள், கழுவினாள், மறுபடி தேய்த்தாள். முந்தானையால் ஒற்றி உலர்த்தினாள். இரண்டு பேர் தலையும் முட்டிக்கொள்கிற தூரம்.

திடீரென்று நாச்சம்மாள், காதின் உள்மடிப்பைக் குனிந்து பார்த்தாள்.

"நங்கையா" என்றாள்.

அண்ணன் பொண்டாட்டியைக் கூப்பிடுகிற முறை அது. எட்டு வருடமாக அவள் வாயில் வராத சொல்.

"நங்கையா, நாப்பத்திரெண்டு."

மருதாத்தாள் பார்த்தாள். மடிப்புக்குள் ஒன்று, கொழுகொழுவென்று, ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வேறு நாளாக இருந்தால் பூமி பிளந்து உள்ளே போயிருப்பாள். "புடுங்கு" என்றாள். நாச்சம்மாள் பிடுங்கிச் சிரட்டையில் போட்டாள்.

குப்பண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கிட்டே வந்தான். குத்தும்போது திறந்தான். முதல் சொட்டு. இன்னொரு கண்ணாடியைச் சாய்த்து ஒரே இழுப்பு. இந்தத் தடவை ரத்தம் உருளவில்லை. மெலிதாக, கன்றின் நாக்குப் போலப் படர்ந்தது. ஸ்பிரிட்டில் நனைத்து எடுத்து, ஊதா சாயத்தில் போட்டான்.

"முக்கால் மணி நேரம் ஊறணும்" என்றான்.

முக்கால் மணி நேரம். மருதாத்தாள் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அந்த மைக்ராஸ்கோப்புக்குச் சூரியன்தான் விளக்கு. அடியில் இருக்கிற குட்டிக் கண்ணாடியில் வெயில் விழுந்தால்தான் மேலே எதுவும் தெரியும். மேகம் ஒவ்வொரு பனையாக விழுங்கிக்கொண்டு வந்தது. மழை வேண்டும் என்று போன வாரம்தான் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். இப்போது அதே அம்மனிடம், கொஞ்சம் பொறு தாயே, ஒரு மணி நேரம் பொறு என்று கெஞ்சினாள். மாட்டின் மூச்சு இரண்டு தடவை நின்று நின்று வந்தது. ஒவ்வொரு தடவையும் அவளுடையதும் நின்றது.

நான்கடித்துச் சாயத்தைக் கழுவியபோது அறைக்குள் வெளிச்சமில்லை. மேசையைத் தூக்கி வெளியே வைத்தார்கள். முற்றத்தில் கயிற்றுக்கட்டில் அகலத்துக்கு ஒரு துண்டு வெயில் கிடந்தது. அது நகர்ந்தது. மேசையும் பின்னாலேயே நகர்ந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குனிந்து குனிந்து, இருந்த வெயிலையும் மறைத்தார்கள்.

"அக்கட்டால போங்கடா!" மருதாத்தாளின் பழைய குரல் திரும்பி வந்தது. "வெயிலைத் திங்காதீங்க!"

கூட்டம் முற்றத்து வேலி வரை சிதறியது.

டாக்டர் ஒரு கண்ணை மூடி, திருகைத் திருகினார். கண்ணாடித் துண்டை மயிரளவு நகர்த்தினார். வெயில் மங்கியது, வந்தது, மங்கியது. கடைவீதிப் பக்கம் ஐந்து மணி பஸ் ஹாரன் அடித்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. குப்பண்ணன் வாட்சைப் பார்த்தான்.

"ம்" என்றார் டாக்டர். பிறகு, "வாங்கம்மா, பாருங்க. சீக்கிரம்."

மருதாத்தாள் குனிந்தாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு, ஊதாவும் ரோஜாவும் கலந்த நிறத்தில் வட்ட வட்டமாகக் காசுகள். ஒரு காசுக்குள் இரண்டு மாவடு. ஒரே காம்பில் தொங்குகிற மாதிரி, நுனி சேர்ந்து, கீழே விலகி. பக்கத்துக் காசில் இன்னொரு ஜோடி.

"ரெண்டு ரெண்டா இருக்குதுங்க."

"அதுதான். உண்ணி விட்ட கிருமி. காசு மாதிரி இருக்கிறது உங்க மாட்டு ரத்தம். அதைத்தான் உடைச்சு உடைச்சு மூத்திரமா விடுது."

கொட்டமுத்து அளவு உண்ணியைப் பத்தடியில் கண்டுபிடிக்கிறவள், கண்ணுக்கே தெரியாததைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். வெயில் போய்விட்டது. டாக்டர் அதற்குள் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தார். மஞ்சள் மருந்து தொடையில் இறங்கியபோது மலைக்காரி அசையவில்லை. மருதாத்தாளுக்குத்தான் உடம்பு தூக்கிப் போட்டது.

மழை பிடித்தது. நாலு கம்பு நட்டு, மாட்டுக்கு மேல் சாக்குப் போட்டார்கள். டாக்டர் பஸ்ஸை விட்டுவிட்டு ஆசுபத்திரி பெஞ்சிலேயே தங்கினார். நாச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். யாரும் சொல்லாமலே கன்றுக்குத் தன் மாட்டுப் பாலைக் காய்ச்சிப் புகட்டிவிட்டுத்தான் படுத்தாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் வெடியால மூத்திரம் கட்டங்காப்பியிலிருந்து கடைத்தேநீர் நிறத்துக்கு இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் மலைக்காரி எழுந்து நின்றது. நின்றதும் முதல் வேலையாக, தூணை விட்டு வெளியே வந்திருந்த குப்பண்ணனை ஒரு முட்டு முட்டியது. அவன் விழுந்த இடத்திலிருந்தே, "தெம்பு வந்துருச்சுங்கோ!" என்று கத்தினான்.

சொன்ன சொல்லின்படி மருதாத்தாள் பேரை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தச் சிரமத்தை ஊர் அவளுக்கு வைக்கவில்லை, அடுத்த வாரமே சிரட்டைக்காரி என்று மாற்றிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு பேரை விளக்குமாற்றால் துரத்தினாள். ஆனால் அடுத்த வீட்டு மாட்டின் வாலைத் தூக்கிப் பார்க்கிற வழக்கத்தை விடவில்லை. இப்போது உண்ணி கண்டால் தண்ணீர் குடிக்காமல் திரும்புவதில்லை. உட்கார்ந்து பிடுங்குகிறாள். "ரத்தமாப் போச்சுன்னா குளிப்பாட்டாதீங்க, எண்ணெய் பூசாதீங்க, உண்ணியோட அப்படியே ஓட்டிட்டுப் போங்க" என்று வீட்டுக்கு வீடு வைகிறாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில், பட்டப்பகலில், அவள் முற்றத்தில் வரட்டி நெருப்பு எரியும். பட், பட் என்று வெடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

"பதினேழு!" என்பாள் மருதாத்தாள், வேலியைப் பார்த்து.

"எனக்கு இருவத்தொண்ணு, நங்கையா!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும்.

"இருவத்தொண்ணா? கொட்டமுத்தையும் சேத்தி எண்ணுனயா என்னமோ, நல்லாப் பாரு!"